மலிவான பெரிய எஸ்எஸ்டி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் உள்ள டெஸ்க்டாப் கணினிக்கு ஏழு வயது. விண்டோஸ் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டியில், அதாவது சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்களில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கில். அதில் 11 ஜிபிதான் காலி. மற்றதெல்லாம் ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. இருபது வருடப் புகைப்படங்கள், பழைய கேசட்டிலிருந்து மாற்றிவைத்த வீடியோக்கள், மறைந்த தந்தையின் குரல் பதிவுகள், கல்லூரியில் படிக்கும் மகள் எடிட் செய்கிற வீடியோக்கள். அந்த டிஸ்க் நிரம்பும் நிலையில் இருக்கிறது. சில வாரங்களாக அவ்வப்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வேறு. இது தவிர 1 டிபி வெளி டிஸ்க் ஒன்றில் பழைய படங்கள் கொஞ்சம்.

“ஒரே தடவையாகப் பெரிய எஸ்எஸ்டி வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டால் நிம்மதி. சுற்றுகிற பாகம் எதுவும் இல்லாததால் அது கெட்டுப்போகாது, இல்லையா?” என்று கேட்கிறார். நான்கு பொருட்களைப் பார்த்து வைத்திருக்கிறார்: 4 டிபி சாட்டா எஸ்எஸ்டி (கேபிளில் இணைக்கும் பழைய வகை), ஏறக்குறைய அதே விலையில் 4 டிபி எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேராகச் செருகும் வேகமான வகை); ஒரு டேட்டா சென்டரில் ஓடிய, 7.68 டிபி பழைய எஸ்எஸ்டி. இவை எல்லாவற்றையும் விடப் பல மடங்கு மலிவாக, கைக்குள் அடங்கும் 16 டிபி வெளி எஸ்எஸ்டி. முதல் இரண்டும் கியூஎல்சி வகை, அதாவது ஒரே சிப்பில் அதிகத் தகவலை அடைத்து விலையைக் குறைத்தவை. “கியூஎல்சி இரண்டு வருடத்தில் தேய்ந்துவிடும்” என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். சத்தம் போடும் 2 டிபி டிஸ்க்கை விற்றுவிடலாம் என்கிறார் கணவர்.

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

தொலைந்துபோன கோப்புகளை மீட்டுத் தருவது என் தொழில். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எதை வாங்குவது என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் கவலை தந்தது அந்த ‘டிக் டிக்’.

வாங்குவதற்கு முன்னால், இன்றைக்கே

ஹார்ட் டிஸ்க்கில் புதிதாகச் சத்தம் வருவதும், ஃபோல்டர் திறக்கத் தாமதமாவதும் சேர்ந்து வந்தால் அது சாதாரண வயோதிகம் என்று விட்டுவிட முடியாது. படிக்கும் முனை ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் நிலையை நீலத்தில் ‘நன்று’ என்று காட்டாமல் மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் சந்தேகமே வேண்டாம். நீலமாகவே இருந்தாலும், சத்தம் தொடர்ந்தால் சத்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

இந்த நிலையில் சிலர் டிஸ்க்கைச் ‘சரிசெய்ய’ விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியை ஓட விடுவார்கள், டிஃப்ராக் செய்வார்கள், அதாவது சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்காக அடுக்க வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பலவீனமான டிஸ்க்குக்கு அதைவிடக் கடுமையான வேலை கொடுக்க முடியாது. புதிய எஸ்எஸ்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வெளி டிஸ்க்கில் இருக்கும் காலி இடத்தில் முதலில் தந்தையின் குரல் பதிவுகள், அப்புறம் கேசட்டிலிருந்து மாற்றியவை, பிறகு புகைப்படங்கள் என்ற வரிசையில் காப்பி எடுங்கள். மகளின் முடிந்துபோன எடிட்டுகள் கடைசியில் வரட்டும். அவற்றைத் தேவைப்பட்டால் மறுபடி உருவாக்கலாம், குரலை முடியாது. காப்பி ஒரு கோப்பில் சிக்கி நின்றால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போங்கள். சத்தம் இடைவிடாமல் வர ஆரம்பித்தாலோ, டிஸ்க் கணினியில் தெரியாமல் போனாலோ, உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அதற்கு மேல் வீட்டில் செய்கிற ஒவ்வொரு முயற்சியும் மீட்கக்கூடியதைக் குறைக்கும்.

“எஸ்எஸ்டி கெட்டுப்போகாது அல்லவா?”

கெட்டுப்போகும். சுற்றும் பாகம் இல்லாததால் தட்டுப்பட்டு, விழுந்து கெடுவது குறைவு. அந்த அளவுக்கு உங்கள் எண்ணம் சரி. ஆனால் உள்ளே எல்லாவற்றையும் நிர்வகிக்கும் ஒரு கன்ட்ரோலர் சிப் இருக்கிறது, அது ஓட ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் இருக்கிறது, இரண்டில் எது பழுதானாலும் முழு எஸ்எஸ்டியும் ஒரு காலையில் கணினிக்குத் தெரியாமல் போய்விடும். உங்கள் ஹார்ட் டிஸ்க் சில வாரங்களாகச் சத்தம் போட்டு எச்சரித்துக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்டி பல நேரங்களில் அந்த அவகாசத்தைத் தராது.

இன்னொன்றும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓரளவாவது மீட்க வழி இருக்கும். எஸ்எஸ்டியில் ஒரே கோப்பு பல சிப்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். பல கன்ட்ரோலர்கள் அதைக் குறியாக்கமும் செய்தே எழுதுகின்றன. கன்ட்ரோலர் செத்துவிட்டால் சிப்களைத் தனியே கழற்றிப் படித்தாலும் பொருள் விளங்காது. தவறுதலாக அழித்த படத்தைக்கூடத் திரும்ப எடுப்பது கடினம். அழித்த இடத்தை விண்டோஸ் ‘ட்ரிம்’ கட்டளை மூலம் உடனே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டியும் அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற திட்டத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் பணத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் நீங்கள் பார்த்து வைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

16 டிபி: தொடவே வேண்டாம்

வீட்டுக் கணினிக்கென்று விற்கப்படும் எம்.2 எஸ்எஸ்டிகள் இப்போதைக்கு 8 டிபி அளவோடு நிற்கின்றன. அதற்கு மேற்பட்ட கொள்ளளவு டேட்டா சென்டர் ரகங்களில் உண்டு, ஆனால் அவை மலிவாகக் கிடைப்பவை அல்ல. அப்படியிருக்க 4 டிபியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு 16 டிபி என்றால் அது போலி. உள்ளே பெரும்பாலும் பசை போட்டு ஒட்டிய ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும். அதன் ஃபர்ம்வேரை மாற்றி எழுதி, கணினியிடம் 16 டிபி என்று சொல்ல வைத்திருப்பார்கள்.

இதில் ஏமாறுகிறவர்கள் உடனே கண்டுபிடிப்பதில்லை. உண்மையான இடம் தீர்ந்த பிறகும் காப்பி நிற்காமல் ஓடும். ஃபோல்டரில் எல்லாக் கோப்புகளும் பெயரோடும் அளவோடும் வரிசையாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருக்கும் இடம் உண்மையானது. கோப்பின் உள்ளடக்கம்தான் எங்கேயும் இருக்காது, அல்லது ஏற்கனவே எழுதியவற்றின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். மாதங்கள் கழித்து ஒரு படத்தைத் திறக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பழைய டிஸ்க்கை விற்றிருப்பார்கள்.

யாராவது இப்படி ஒன்றைப் பரிசாகவே தந்தாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் முழுக்க நிரப்பிச் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்ற கருவி இருக்கிறது. இரண்டும் இலவசம். டிஸ்க் முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பவை.

கியூஎல்சி பற்றிய பயம்

உங்கள் உறவினர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எஸ்எஸ்டியின் சிப்பில் உள்ள ஃபிளாஷ் செல் (தகவல் தங்கும் மிகச் சிறு அறை) ஒவ்வொன்றும் மின்னூட்டத்தின் அளவை வைத்துத் தகவலைக் காக்கிறது. டிஎல்சி வகையில் ஒரு செல்லில் 3 பிட். அதற்கு 8 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சியில் 4 பிட், 16 மட்டங்கள். ஒரே டம்ளரில் 8 கோடு போட்டு நீர்மட்டம் பார்ப்பதற்கும் 16 கோடு போட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கோடுகள் நெருங்கினால் ஊற்றும்போது நிதானம் வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் அடுத்த கோடாகிவிடும். அதனால் கியூஎல்சி எழுதுவதில் மெதுவானது, குறைந்த தடவையே அழித்து எழுதத் தாங்கும். பதிலுக்கு அதே சிப்பில் அதிகக் கொள்ளளவு, குறைந்த விலை.

தேய்மானக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் ‘டிபிடபிள்யூ’ என்று ஓர் எண் தருவார்கள். வாரண்டிக் காலத்தில் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்ற உத்தரவாதம் அது. சாம்சங் 870 கியூவிஓ என்ற கியூஎல்சி சாட்டா எஸ்எஸ்டியின் 4 டிபி மாடலுக்கு அது 1,440 டிபி. குரூஷியல் பி3 என்ற கியூஎல்சி என்விஎம்இ 4 டிபிக்கு 800 டிபி. உங்கள் மகள் ஒரு நாள் விடாமல் தினமும் 100 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 36.5 டிபி. 800ஐ எட்டவே சுமார் 22 வருடம் ஆகும். படிப்பதால் தேய்மானம் கணக்கில் வராது. புகைப்படம் பார்ப்பதும் வீடியோ ஓட்டுவதும் படிப்பதுதான். இரண்டு வருடத்தில் தேயும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். 2024இல் சாலிடைம் நிறுவனம் டேட்டா சென்டர்களுக்காக அறிவித்த 122.88 டிபி எஸ்எஸ்டியே கியூஎல்சிதான். அதிகம் படிக்கப்படும், குறைவாக எழுதப்படும் இடத்தில் அது நல்ல பொருள்.

கியூஎல்சி உண்மையில் எங்கே கஷ்டப்படுத்தும் என்றால், ஒரே மூச்சில் நிறைய எழுதும்போது. எல்லா மலிவு எஸ்எஸ்டிகளும் செல்களில் ஒரு பகுதியை 1 பிட் மட்டும் எழுதும் வேகமான தற்காலிக இடமாக, அதாவது கேஷாக, வைத்துக்கொள்கின்றன. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் அந்த இடம் இருக்கிறவரைதான். மேலே சொன்ன 870 கியூவிஓ 4 டிபியில் அந்த இடம் 78 ஜிபி வரை. அது தீர்ந்தால் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது 160 எம்பிக்கு இறங்கும். காப்பி ஜன்னலில் பச்சைக் கோடு உயரத்தில் நேராக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று கீழே விழுந்து அங்கேயே நிற்கும். அதைப் பார்த்து எஸ்எஸ்டி பழுது என்று திருப்பித் தந்துவிட்டவர்கள் உண்டு. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அது கேஷில் இருப்பதை உள்ளே அடுக்கிவிட்டுப் பழைய வேகத்துக்கு வந்துவிடும். டிஸ்க் நிரம்ப நிரம்ப இந்த இடம் சுருங்குவதால், நூற்றில் பத்துப் பதினைந்து பங்கை எப்போதும் காலியாக வைத்திருங்கள்.

உங்கள் வீட்டில் இது எவ்வளவு பாதிக்கும்? முதல் தடவை பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது, அந்தப் பழைய டிஸ்க்கே அதைவிட வேகமாகத் தரப்போவதில்லை. ஆகவே பெரும்பாலும் தெரியாது. மகளின் 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் நொடிக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரப் பதிவுக்கு 45 ஜிபி. எடிட் செய்து வெளியே எடுக்கும்போது எழுதும் வேகமும் அந்த அளவில்தான் இருக்கும், கியூஎல்சியின் மோசமான வேகத்துக்கும் வெகு கீழே. அவர் தினமும் நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரு வேகமான எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. டிஎல்சிக்கும் கியூஎல்சிக்கும் விலை வித்தியாசம் சொற்பம் என்றால் யோசிக்காமல் டிஎல்சியை எடுங்கள். கியூஎல்சியை ஏற்றுக்கொள்ளக் காரணம் விலை மட்டுமே. அந்தக் காரணம் இல்லாதபோது அதை வாங்க வேறு காரணம் இல்லை.

சாட்டாவா, என்விஎம்இயா?

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு சுமார் 550 எம்பி. என்விஎம்இ, உங்கள் கணினியின் வயதை வைத்துப் பார்த்தால் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ (என்விஎம்இ பயன்படுத்தும் வேகமான இணைப்பு) ஸ்லாட்டாக இருக்கும் என்பதால், அதிகபட்சம் 3,500 எம்பி அளவு. 7,000, 14,000 என்று எழுதியிருப்பவையும் அதில் பொருந்தும், ஆனால் அதே 3,500இல்தான் ஓடும். அந்த எண்களுக்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

தினசரி வேலையில் இந்த எண்களின் வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவாகவே உணரப்படும். உங்களுக்குத் தெரியப்போகும் மாற்றம் ஹார்ட் டிஸ்க்கை விட்டு வெளியே வருவதில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கப் பத்து மில்லி நொடி அளவு எடுக்கும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆயிரக்கணக்கான சிறு படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும், அது சாட்டாவோ என்விஎம்இயோ.

ஆனாலும் விலை ஒன்றாக இருப்பதால் நான் என்விஎம்இ பக்கம். மலிவு எஸ்எஸ்டிகளில் டிரேம் நினைவகம் இருக்காது. எந்தக் கோப்பு எந்தச் செல்லில் என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள அது தேவை. என்விஎம்இ எஸ்எஸ்டி அந்த வேலைக்குக் கணினியின் நினைவகத்திலேயே சில பத்து எம்பியை இரவல் வாங்கிக்கொள்ளும். சாட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. எனவே டிரேம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டியை, அதுவும் கியூஎல்சியில், தவிர்த்துவிடுங்கள். டிரேம் உள்ள சாட்டா தாராளமாக வாங்கலாம்.

வாங்குமுன் மதர்போர்டின் கையேட்டை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவத்துக்குப் பெயர், சில எம்.2 ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டுமே ஏற்கும். என்விஎம்இ அல்லது பிசிஐஇ என்று எழுதியிருக்க வேண்டும். அடுத்து, எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா முனைகளில் ஒன்றோ இரண்டோ செயலிழக்கும் என்று பல போர்டுகளில் அடிக்குறிப்பு இருக்கும். அதைப் படிக்காதவர்கள், புதியதை மாட்டியதும் பழைய டிஸ்க் காணாமல் போக, அது செத்துவிட்டது என்று பதறுவார்கள். கேபிளை வேறு முனைக்கு மாற்றினால் திரும்பத் தெரியும். எம்.2வை இறுக்கும் பொடி ஸ்க்ரூ எஸ்எஸ்டி பெட்டியில் பெரும்பாலும் வராது. போர்டிலேயே மாட்டியிருக்கும், அல்லது போர்டு வந்த பெட்டியில் கிடக்கும். முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டா சென்டர் டிஸ்க்

இது கெட்ட பொருள் இல்லை. பலவற்றில் மின்சாரம் திடீரென்று போனாலும் எழுதிக்கொண்டிருந்ததை முடிக்க உதவும் கெப்பாசிட்டர்கள் உண்டு, எழுதத் தாங்கும் அளவும் பொதுவாக அதிகம். ஆனாலும் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். இவற்றில் எஸ்ஏஎஸ், யு.2, சாட்டா என்று மூன்று வகை இணைப்புகள் உண்டு. எஸ்ஏஎஸ் டிஸ்க் உங்கள் கணினியின் சாட்டா முனையில் ஓடவே ஓடாது. யு.2வுக்குத் தனி அடாப்டரும், சூடு தணிக்கக் காற்றோட்டமும் வேண்டும். முன்பு எவ்வளவு எழுதப்பட்டது என்பது விற்பவர் காட்டினால்தான் தெரியும். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு சர்வர் நிறுவனம் வழியாகத்தான் கிடைக்கும் என்ற நிலையும் உண்டு. இது சின்ன விஷயம் இல்லை: 2019இல் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகளில் சில, 32,768 மணி நேரம் ஓடியதும் மொத்தமாகச் செயலிழக்கும், ஃபர்ம்வேரை உடனே மாற்றுங்கள் என்று அறிவித்தது. இப்படிப்பட்ட அறிவிப்பைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு அந்த டிஸ்க் லாபம். குடும்பப் படங்களை அதில் வைத்துப் பழக வேண்டாம்.

பணத்தைப் பிரிக்கும் விதம்

உங்களிடம் இருப்பது எல்லாம் சேர்த்தால் 3 டிபிக்குள் வரும். வெளி டிஸ்க்கில் இருப்பதில் பாதி, உள்ளே இருப்பதன் நகலாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே 8 டிபி பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அந்த அளவில் ஒரு டிபிக்கான விலை பெரும்பாலும் கூடிவிடும். 4 டிபி என்விஎம்இ ஒன்று, அதோடு குறைந்தது 4 டிபி உள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டிபிக்கான விலை குறைவு என்பதால், 6 அல்லது 8 டிபிக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

இரண்டுக்கும் பணம் போதவில்லை என்றால் எஸ்எஸ்டியைக் குறையுங்கள், ஹார்ட் டிஸ்க்கை விடாதீர்கள். 2 டிபி டிஎல்சி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மகளின் நடப்பு வேலையும் அடிக்கடி பார்க்கும் படங்களும் இருக்கட்டும். மற்றவை ஹார்ட் டிஸ்க்கில். அப்போது குரல் பதிவுகளும் முக்கியப் படங்களும் உங்கள் 1 டிபி வெளி டிஸ்க்கிலும் ஒரு நகலாக இருக்க வேண்டும். நகல் என்றால் வேறொரு பொருளில் இருப்பது. அதே எஸ்எஸ்டியில் இரண்டு ஃபோல்டராக வைப்பது நகல் ஆகாது. திரும்பப் பெறவே முடியாதவற்றுக்கு மூன்றாவது நகல் ஒன்று உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். குரல் பதிவுகள் சில ஜிபிதான் இருக்கும், கிளவுடின் இலவச இடமே போதலாம்.

அலமாரியில் வைக்கும் நகலுக்கு எஸ்எஸ்டியை நான் பரிந்துரைக்காததற்கும் காரணம் உண்டு. மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது செல்லில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளுக்கு, சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பது, அதன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த பிறகு, 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி ஒரு வருடம் தகவல் தாங்க வேண்டும் என்பது. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும். ஒரு வருடத்தில் எல்லாம் அழியும் என்று பரவும் பேச்சு அந்த வாக்கியத்தின் முதல் பாதியை விட்டுவிட்டதால் வந்தது. இருந்தாலும் வருடக்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் நகலுக்கு ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

வாங்கும்போது உங்கள் உரிமை

ஒரே மாடல் பெயரில் உள்ளே இருக்கும் சிப்பையும் கன்ட்ரோலரையும் அறிவிக்காமல் மாற்றிய பழக்கம் சில பெரிய நிறுவனங்களிடமே இருந்தது 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே பழைய ரிவ்யூ ஒன்றில் டிஎல்சி என்று இருந்ததை மட்டும் நம்ப வேண்டாம். தயாரிப்பாளரின் விவரத் தாளில் செல் வகை எழுதியிருக்கிறதா, டிபிடபிள்யூ எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே சொல்லாத பொருளை விட்டுவிடுங்கள்.

வாரண்டி ‘இத்தனை வருடம் அல்லது இத்தனை டிபி, எது முதலில் வருகிறதோ’ என்று இருக்கும். அது பொருளுக்கு மட்டும்தான். உள்ளே இருந்த படங்களுக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. பழுதானதைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் கோப்புகளோடுதான் அது போகும், அப்போது அழிக்கவும் முடியாது. அடையாள ஆவணங்கள், வங்கிக் காகிதங்கள் இருந்தால் அந்த ஒரு ஃபோல்டரை வேராகிரிப்ட் போன்ற இலவசக் கருவியால் குறியாக்கம் செய்து வையுங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது.

திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள், கோப்புகள் எதையும் போடுவதற்கு முன், எஸ்எஸ்டியை ஒருமுறை முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள். கியூஎல்சிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். 1,440 டிபி ஆயுளில் 4 டிபி போவது பெரிய விஷயம் இல்லை. கணினி 3.63 டிபி என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

மாட்டிய பிறகு

பழைய 2 டிபி டிஸ்க்கைப் புதியதில் அப்படியே குளோன் செய்யாதீர்கள், அதாவது டிஸ்க்கை அச்சு அசலாக நகலெடுக்காதீர்கள். அது எம்பிஆர் என்ற, டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் பழைய முறையில் இருந்தால், குளோன் செய்த 4 டிபியில் 2,048 ஜிபிதான் பயன்படும். மிச்சம் 1,678 ஜிபி, டிஸ்க் மேனேஜ்மென்ட் ஜன்னலில் கறுப்புப் பட்டையோடு ‘ஒதுக்கப்படாதது’ என்று கிடக்கும், எதற்கும் அசையாது. புதியதை, அந்த வரம்பு இல்லாத ஜிபிடி முறையில் ஆரம்பித்து, கோப்புகளை மட்டும் காப்பி செய்யுங்கள். விண்டோஸையும் அதில் புதிதாக நிறுவிவிடலாம். அந்த 11 ஜிபி நெருக்கடியும் தீரும். விண்டோஸுக்கு 300 ஜிபி அளவில் தனிப் பகுதி ஒதுக்கினால், பின்னால் மறுபடி நிறுவ நேர்ந்தாலும் படங்களைத் தொட வேண்டியிராது. நிறுவும்போது பழைய டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வையுங்கள், தவறானதை ஃபார்மட் செய்துவிடும் அபாயம் இல்லை.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், சத்தம் போடும் டிஸ்க்கை விற்க வேண்டாம். வாங்குபவருக்கு அது பயன்படாது, உங்களுக்கோ ஆபத்து: சாதாரண ஃபார்மட் கோப்புகளை உண்மையில் அழிப்பதில்லை, பழுதான டிஸ்க்கை முழுக்க எழுதி அழிக்கவும் முடியாது. புதிய இரண்டிலும் எல்லாம் திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்வரை அதைத் தொடாமல் வையுங்கள்; பிறகு தட்டுகளை உடைத்து மின்கழிவில் சேர்த்துவிடுங்கள். கழற்றிய 256 ஜிபி எஸ்எஸ்டி நன்றாக இருந்தால், ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு மகளிடம் கொடுங்கள். கல்லூரிக்கு வீடியோ கொண்டுபோய் வர அவருக்கு உதவும்.